நடுகல் உணர்த்தும் கடன்

போரில் வீழ்ந்த வீரரை நினைத்தற்கென ஒரு நாளை ஒதுக்குவது இக்கால உலகின் வழக்கு. 1918 நவம்பர் 11 ஆம் நாள் முதல் உலகப்போர் ஓய்ந்தது. அந்நாளையே மேலைநாட்டார் பலர் நினைவு நாளாகப் போற்றுகின்றனர். நம் நாட்டில் 1949 முதல் டிசம்பர் 7 ஆம் நாள் படைவீரர் கொடிநாளாகக் கொள்ளப்படுகின்றது. பண்டைத் தமிழரோ வீழ்ந்தவனுக்குக் கல்லை நட்டனர். நாள் ஆண்டுக்கொருமுறை வந்து போகும்; கல்லோ வழியிடை நின்று, போவாரையும் வருவாரையும் நாள்தோறும் நினைக்கச் செய்யும். அக்கல்லின் உண்மைப் பொருள் யாது என்பதைச் சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் புறத்திணையியலில், கல் எடுக்கும் மரபினை ஆறு துறைகளாக வகுத்தார். கல்லைத் தேர்ந்து காணல் காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குதல் கால்கோள், நீராட்டுதல் நீர்ப்படை, நிறுத்துதல் நடுகல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை, இறுதியில் வருவது வாழ்த்து. ஐந்து செயல்கள் முற்றிய பின்னரே வாழ்த்துக்கு இடம் உண்டு என்பது ஈண்டு கருதத்தக்கது. செயலற்ற வாழ்த்தினை அம்மரபு அறியாது.

கல்லின் நடுவிடத்தைப் பெறுபவன் அரசன் அல்லன், வீழ்ந்தவனே என்பதும் நோக்கற்பாலது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலையும் அதில் மாண்டவன் பெயரையும் தாங்கி நிற்கின்றது. ஆணையிட்ட வேந்தன் பெயர் அதில் இல்லை. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முன்னே வருகின்றன. எனினும் அவ்வரசனின் பெயருக்குக் கீழே ஓர் எளிய வீரனின் பெயர் மறையாது நிற்கின்றது.

கல் நட்டதும் துயர் தீர்ந்துவிடுவதில்லை. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய புறநானூற்றுப் பாடல் (264), பெயர் பொறித்து மயிற்பீலி சூட்டிய கல்லைக் காட்டுகின்றது. அப்புலவர் மறவனின் மறத்தை விரித்துரைக்கவில்லை. அவன் மாய்ந்தமை அறியாது, அவனை நம்பி இனியும் வரக்கூடிய பாணர் சுற்றத்தை நினைந்து இரங்குகின்றார். மாண்டவனைப் பாடும் பாட்டு, அவனால் வாழ்ந்தவரை நோக்கித் திரும்புகின்றது. இத்திருப்பமே நடுகல் இலக்கியத்தின் உயிர்நாடி எனலாம்.

இனி வஞ்சிக் காண்டத்தைக் காண்போம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனத் தொல்காப்பியர் வகுத்த துறைப்பெயர்களையே இளங்கோவடிகள் காதைகளுக்குச் சூட்டினார். வீரனுக்குரிய கல், வாளேந்திப் போர்க்களம் புகாத ஒரு பெண்ணுக்கு எழுப்பப்படுகின்றது. சேரன் செங்குட்டுவன் இமயத்தினின்று கல் கொணர்ந்து, கங்கையில் நீராட்டி, கனக விசயர் முடித்தலைமேல் ஏற்றி வந்தான். இதனைச் சேரர் வெற்றியின் பெருமுழக்கமாக மட்டும் கொண்டு பாராட்டுவது மேடைகளில் இயல்பாகிவிட்டது. வெற்றியை அடிகள் பாடியது உண்மையே. ஆயின் அவ்வளவில் நிற்பது காப்பியத்தைப் பாதி படித்ததாகவே முடியும்.

நீர்ப்படைக் காதையில், கல் நீராடிய பின் வேந்தன் செய்யும் செயல் யாது? களத்தில் மடிந்தோரின் மைந்தரையும், பொருது மீண்ட மறவரையும் அழைத்துப் பொன்னாலான வாகைப்பூவை வழங்குகின்றான். தந்தையை இழந்த சிறுவனின் கைக்கு அப்பூ செல்கின்றது. வஞ்சி நீங்கி 32 திங்கள் ஆயின எனக் கணி கூறுவதையும், அக்காதையின் இறுதிப் பகுதியில் கோப்பெருந்தேவி துயில் கொள்ளாதிருப்பதையும் அடிகள் மறவாது வைக்கின்றார். போரின் அளவு களத்தோடு முடிவதன்று. அது காத்திருப்போர் இல்லங்களிலும் அளக்கப்படுவது.

இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார் அடிகள். தவவேடம் பூண்டு ஓடிய மன்னரைப் பற்றிக் கொணர்வது வெற்றியாகுமோ எனச் சோழ பாண்டியர் இகழ்ந்த செய்தி வர, செங்குட்டுவன் சினம் கொள்கின்றான். அப்பொழுது மாடலன், ஆட்சி ஏற்று 50 ஆண்டுகள் கழிந்தும் அறக்கள வேள்வி செய்யாது மறக்கள வேள்வியே செய்கின்றாய் என வேந்தன் முகத்திற்கு நேரே எடுத்துரைக்கின்றான். விளைவு, சிறையிருந்த ஆரிய மன்னர் விடுதலை பெறுகின்றனர். பகைவரைச் சிறையில் வைத்துக்கொண்டு கல்லை வாழ்த்துவது முறையன்று என்பதே அடிகள் உட்கிடை என்க.

வீழ்ந்தவன் பெயரை மறவாமை, அவன் விட்டுச் சென்றாரைக் காத்தல், அவனை வீழ்த்திய போரை அறத்தின் முன் நிறுத்தி வினவுதல் என்னும் மூன்று கடன்கள் இதனால் பெறப்படும். களத்தில் பட்டோர் குடும்பத்திற்கு உதிரப்பட்டி என நிலம் விட்ட வழக்கு, இரண்டாம் கடனைத் தமிழர் எவ்வாறு ஆற்றினர் என்பதற்குச் சான்று. கொடிநாளின் கருத்தும் அதுவே. மாண்ட வீரர் குடும்பத்திற்கும், உறுப்பிழந்தோர்க்கும், ஓய்வுபெற்ற படைவீரர்க்கும் நிதி திரட்டவே அந்நாள் வகுக்கப்பட்டது. சட்டையில் குத்திய சிறு கொடியை மாலையில் கழற்றி எறிந்து, அளித்த காசோடு கடன் தீர்ந்தது என எண்ணுவோமாயின், அது பொருள் உணராத படையலேயாம்.

கொச்சியில் வாழும் தமிழர்க்கு இச்சிந்தனை தொலைவிலுள்ளதன்று. வஞ்சி கருவூரா கொடுங்கோளூரா என்பது அறிஞரிடை நிலவும் வழக்கு. எனினும் கண்ணகி நினைவோடு இணைத்துப் பேசப்படும் கொடுங்கோளூர் பகவதி கோயில் கலூரிலிருந்து வடக்கே சிறிது தொலைவில்தான் உள்ளது. மேற்கே கோட்டைக் கொச்சியில், வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிசு தேவாலயத்தின் அருகே, முதல் உலகப்போரில் மாண்ட கொச்சி மக்களுக்காக 1920 இல் எழுப்பிய நினைவுக்கல் நிற்கின்றது. சென்னை ஆளுநர் வெலிங்டன் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அது அயலார் ஆட்சியில், அயலார் போருக்காக எழுந்த கல். ஆயினும் வீழ்ந்தவர் இவ்வூரார். ஆண்டவனின் கொள்கையை ஏற்காத நாமும் மாண்டவனின் பெயரை மறத்தல் அறமன்று. அப்பெருங்கோயிலைக் காணச் செல்வோர் அக்கல்லின் முன்னும் சிறிது நின்று, மேற்கூறிய மூன்று கடன்களையும் நினைவுகூர்வாராக. வாழ்த்து அதன் பின்னர் வருக.