சுவர் எங்கே?

"குப்பை!" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஒரு திங்கள் தண்டனை கிடைத்தது.

தண்டித்தவள் என் தங்கை மகள், கல்லூரி மாணவி. அவள் கையிலிருந்த ஆங்கிலக் காதல் நாவலின் அட்டையைக் கண்டதும் நான் தீர்ப்பளித்துவிட்டேன். "இதுபோல் எத்தனை படித்திருக்கிறீர்கள், மாமா?" என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன். "ஆராயாமல் எதையும் ஏற்காதே என்று மேடைதோறும் முழங்குகிறீர்கள். ஆராயாமல் எதையும் தள்ளிவிடலாம் என்று எந்த மேடையில் சொன்னீர்கள்?" என்றாள். விடை இல்லை என்னிடம். இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஏழு நூல்களை அடுக்கி என் மேசைமீது வைத்துவிட்டுப் போனாள். 2016-க்கும் 2021-க்கும் இடையே வெளிவந்தவை. முப்பது இரவுகளில் படித்து முடித்தேன்.

தோழர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வகை நாவலில் முடிவு முன்கூட்டியே தெரியும். இருவர் சேர்வர், மகிழ்வர். சேராவிட்டால் அதனைக் காதல் நாவல் என்று அவ்வுலகம் ஒப்புக்கொள்வதில்லை. 1908இல் இலண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனமும், 1949இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்து 1971இல் அதனை விலைக்கு வாங்கிய ஹார்லெக்வின் நிறுவனமும் இந்த உறுதிமொழியை விற்றே வளர்ந்தன. முடிவு தெரிந்த கதையில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டேன் நானும். பிறகு புரிந்தது: பார்க்க வேண்டியது முடிவையன்று, நடுவே நிற்கும் சுவரை. சேர விரும்பும் இருவரைச் சேரவிடாது தடுப்பது எது? அச்சுவரை எழுப்பியவர் யார்? அதனை இடித்தார்களா, இல்லை, இடித்ததுபோல் வண்ணத்திரை ஒன்றைத் தொங்கவிட்டு நம்மை வழியனுப்பினார்களா?

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சாலி தார்ன் எழுதிய 'தி ஹேட்டிங் கேம்' நூலைத் திறந்தேன். இரண்டு பதிப்பகங்கள் ஒன்றாகின்றன; இரண்டு முதலாளிகள்; அவர்களுக்கு இரண்டு உதவியாளர்கள். லூசியும் ஜோஷுவாவும் எதிரெதிரே அமர்ந்து நாள் முழுதும் ஒருவரையொருவர் கண்களால் எரிக்கின்றனர். மேலே ஒரே ஒரு பதவி, போட்டியிடுவோர் இருவர், வென்றவர் தோற்றவருக்கு மேலதிகாரி. எவ்வளவு உண்மையான சுவர்! உழைப்பவரை உழைப்பவருடன் மோதவிட்டு மேலே இருப்பவர் வேடிக்கை பார்க்கும் சுவர். நகைச்சுவை துள்ளுகிறது, லூசியின் நாக்கு சவரக்கத்தி. ஆனால் இறுதியில் நிகழ்வது யாது? ஜோஷுவா வேறு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டு விலகுகிறான், பதவி அவளுக்கு, காதல் இருவருக்கும். சுவர் அப்படியே நிற்கிறது, ஒருவர் பின்வாசல் வழியே வெளியேறிவிட்டார், அவ்வளவே. (இன்னொன்று: கதாநாயகன் ஆறடிக்குக் கீழே இருத்தலாகாது என்று இந்நாவலாசிரியர்கள் மாநாடு கூட்டித் தீர்மானம் இயற்றியிருப்பார்களோ? நானூறு பக்கத்தில் அவன் தோள் அகலம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கிக் களைத்துப்போனேன்.)

எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' என்னைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது. ஜனவரி என்பவள் காதல் நாவல் எழுதுகிறாள்; அடுத்த வீட்டு அகஸ்டஸ், விமரிசகர் மெச்சும் இலக்கியம் எழுதுகிறான். மிச்சிகன் ஏரிக்கரையில் இருவருக்கும் பந்தயம்: அவள் துயரக் கதை எழுத வேண்டும், அவன் இன்பக் கதை எழுத வேண்டும். ஆண் எழுதினால் இலக்கியம், அதையே பெண் எழுதினால் பெண்களுக்கான கதை என்று ஒதுக்குவது ஏன் என்று அவள் சினந்து கேட்கும்போது, "குப்பை" என்ற என் குரல் எனக்கே எதிரொலித்தது. எனினும் இங்கே சுவர் முழுதும் மனத்துக்குள். இறந்த தந்தைக்கு மறைவில் வேறொருத்தி இருந்தாள் என்று தெரிந்த மகளின் புண். மணமுறிவு கண்டவனின் அச்சம். புண் ஆறுகிறது, சுவர் கரைகிறது. கையில் காசில்லாத எழுத்தாளருக்குத் தந்தை விட்டுச்சென்ற ஏரிக்கரை வீடு காத்திருந்ததால், ஆற நேரமும் கிடைத்தது! வாடகை கட்டவேண்டிய பெண்ணுக்கு?

அலி ஹேசல்வுட்டின் 'தி லவ் ஹைப்பாதசிஸ்' பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. பொய்க்காதல் மெய்க்காதலாகும் பழைய கதையே. ஆனால் ஓர் இடம் நெஞ்சில் தைத்தது. ஆராய்ச்சி மாணவியிடம் பேராசிரியன் ஒருவன் தகாது பேசுகிறான். நீ சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள் என்கிறான். அவனைச் சிக்கவைத்தது அவள் சொல்லன்று, கைப்பேசியில் தற்செயலாகப் பதிவான அவன் குரல். பெண்ணின் சொல் மட்டும் சான்றாகாது என்பதை ஆசிரியர் அறிந்தே எழுதினாரோ, அறியாமல் எழுதினாரோ!

இனி, சுவரை வெளியே கொண்டுவந்து நிறுத்திய நூல்கள். ஜாஸ்மின் கில்லரி எழுதிய 'தி வெட்டிங் டேட்' 2018இல் வந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி மேயரிடம் தலைமை அலுவலராகப் பணியாற்றும் கறுப்பினப் பெண் அலெக்சா. குழந்தைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யும் வெள்ளையன் ட்ரூ. நின்றுபோன மின்தூக்கியில் சந்திக்கின்றனர். ஒரு திருமணத்துக்குத் துணையாக வருமாறு அவன் அழைக்கிறான். அந்தக் கூட்டத்தில் கறுப்பர் நான் ஒருத்திதானா என்று அவள் கேட்கிறாள். அவனுக்கு அந்த வினாவே தோன்றியதில்லை! தோன்றாதிருக்கும் வசதி யாருக்கு வாய்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கலிபோர்னியாவில் 1948இலும், நாடு முழுமைக்கும் 1967இல் லவிங் வழக்கின் தீர்ப்பாலும் வெள்ளையர்-கறுப்பர் மணத்தடைச் சட்டங்கள் வீழ்ந்தன. (நம் மாநிலத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பு வழங்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1967இல்தான்.) சட்டம் வீழ்ந்தும் பார்வை வீழவில்லை என்பதை அந்த ஒரு வினா காட்டிவிடுகிறது. வருத்தம் யாதெனில், ஆசிரியர் அதனைத் தொட்டுவிட்டு, ஊர் விட்டு ஊர் காதலிப்பதன் தொல்லைகளுக்கு விரைந்து ஓடிவிடுகிறார்.

ஆனால் அவரை மட்டும் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் 1980இல் தோன்றியது. தோற்றுவித்தவர்களுள் ஒருவர் விவியன் ஸ்டீபன்ஸ் என்னும் கறுப்பினப் பதிப்பாசிரியர். 1982 முதல் அச்சங்கம் பரிசுகள் வழங்கிற்று. கறுப்பின எழுத்தாளர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது எப்போது தெரியுமா? 2019இல்! முப்பத்தேழு ஆண்டுகள்! வீட்டைக் கட்டியவர்களுள் ஒருத்தி கறுப்பினத்தாள். விருந்துக்கு அவள் இனத்தாருக்கு இலை போட மட்டும் முப்பத்தேழு ஆண்டுகள். காதலைப் பற்றி எழுதுவோர் நெஞ்சில் காதல் மட்டுமே குடியிருக்கும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

ஹெலன் ஹோங் எழுதிய 'தி கிஸ் கோஷியன்ட்' பழைய கணக்கைத் தலைகீழாக்குகிறது. பணம் கொடுப்பவள் பெண். பணத்துக்காகத் துணையிருப்பவன் ஆண். ஸ்டெல்லா கணிதத்தில் வல்லவள், ஆட்டிசம் உள்ளவள். மைக்கேல் தையற்கலை அறிந்தவன். வியட்நாம் தாயின் மகன். அவளது மருத்துவக் கடனுக்காகவே இத்தொழிலுக்கு வந்தவன். தொடுமுன் கேட்கிறான், அவள் உடல் விறைத்தால் நிறுத்துகிறான், மறுபடியும் கேட்கிறான். ஆயிரம் ஆண்டுகளாகப் பெண்ணிடம் எவன் கேட்டான்? தாலி கட்டியவன் கேட்டானா? காசு வாங்கியவன் கேட்கிறான்! ஸ்டெல்லாவை ஆசிரியர் காட்சிப் பொருளாக்கவில்லை. தமக்கும் ஆட்டிசம் உண்டென்பதை இந்நூலை எழுதும் காலத்தில் அறிந்தவர் அவர். என் மனக்குறை வேறு. நோயுற்ற தாய்க்கு மருந்து வாங்க மகன் தன்னை விற்க நேர்ந்த நாடு எத்தகைய நாடு? அந்தச் சுவரை ஸ்டெல்லாவின் செல்வமே கரைக்கிறது. செல்வர் நன்கொடை தவிர வேறு வழியொன்று இருக்கக்கூடும் என்று நாவல் நினைத்தும் பார்க்கவில்லை.

ஏழிலும் எனக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: தாலியா ஹிப்பர்ட்டின் 'கெட் எ லைஃப், குளோயி பிரவுன்'. 2019இல் வந்தது, களம் இங்கிலாந்தின் நாட்டிங்காம். குளோயி செல்வக் குடும்பத்துக் கறுப்பினப் பெண். கணினிப் பணி செய்பவள். உடலெங்கும் ஓயாது வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோய் அவளுக்கு. வலிக்கிறது என்று சொன்னபோது மருத்துவர் நம்பவில்லை. நோய் நீண்டபோது நண்பர்கள் நழுவினர், மணக்கவிருந்தவனும் நழுவினான். ரெட் என்பவன் அவள் குடியிருக்கும் கட்டடத்தைப் பராமரிப்பவன், ஓவியன், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்தவன், பணக்காரப் பெண்ணொருத்தியிடம் இழிவுபட்டு வந்தவன். வகுப்பு, நிறம், நோய் என்று மூன்று சுவர்கள். எதையும் ஆசிரியர் திரை போட்டு மறைக்கவில்லை. மரத்தில் சிக்கிய பூனையை மீட்கக் குளோயி ஏறுகிறாள். ஏறிய பின்தான் இறங்குவது எப்படி என்று எண்ணுகிறாள். அவளுக்கு உதவ அவனும் ஏறுகிறான். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அந்த ஏற்றத்துக்கான விலையை அவள் உடல் செலுத்துகிறது. "எனக்காகச் செய்துவிடு" என்று கேட்பதற்கு அவள் படும் பாடு! அவளைத் தாங்குகிறேன் என்ற பெயரில் அவளை ஆளத் தொடங்கிவிடுவேனோ என்று அவன் கொள்ளும் கவலை! எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதிப் பக்கத்திலும் அந்த நோய் போகவில்லை. நேர்த்திக்கடன் இல்லை, தெய்வ அருள் இல்லை, காதலன் கைபட்டதும் பறந்த பிணி என்ற பழங்கதை இல்லை. வலியோடு இருக்கும் பெண், வலியோடே மகிழ்கிறாள். புராணப் புளுகு கேட்டுக் கேட்டுப் புளித்த செவிக்கு இது எத்தனை இனிமை!

ஏழாவது நூலைக் கடைசியாக வைத்தேன். கோலின் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்'. பாஸ்டனில் பூக்கடை வைத்திருக்கும் லில்லி, அறுவை மருத்துவன் ரைல் என்பவனை மணக்கிறாள். அவன் கை சூடுபட்ட வேளையில் அவள் சிரித்துவிட, முதல் அடி விழுகிறது. உடனே கண்ணீர், மன்னிப்பு, சத்தியம். பிறகு மாடிப்படியில் தள்ளுகிறான். பிறகு அதனினும் கொடியது. தந்தையிடம் தாய் அடிபட்டதைக் கண்டு வளர்ந்த அவள், தாய் ஏன் போகவில்லை என்று அன்று கேட்டவள், இன்று தானே போக முடியாமல் நிற்கிறாள், அவனை நேசிக்கிறாளே! குழந்தை பிறந்த மருத்துவமனையில், இந்த மகள் நாளை வந்து, காதலன் என்னை அடிக்கிறான் என்றால் நீ என்ன சொல்வாய் என்று அவனையே கேட்கிறாள். அவனால் வேறு விடை கூற முடியவில்லை. மணவிலக்கு.

குறை உண்டு. அடிப்பவனுக்குக் குழந்தைப் பருவத்துத் துயரமொன்றைக் கற்பித்துக் கொடுத்தது தேவையற்ற இரக்கம். விலகி வரும் பெண்ணுக்கு இன்னொரு நல்லவனை வாசலில் நிறுத்தி வைத்ததும் அப்படியே. தனியே நிற்கும் துணிவை ஆசிரியர் அவளுக்கு முழுதும் தரவில்லை.

ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெண், கணவன் அடித்தான் என்று தாய்வீடு வந்தாள். பேசித் தீர்க்க அமர்ந்தவர்களுள் நானும் ஒருவன். பெண்ணுரிமைக் கூட்டத்தில் பேசிவிட்டு நேரே அங்கு சென்றிருந்தேன். அவன் அழுதான். "ஒருமுறைதானே! மன்னிப்புக் கேட்கிறானே! போய்ச் சேரம்மா," என்று சொன்ன குரல்களில் ஒன்று என் குரல். அவள் போனாள். மறுபடியும் வரவில்லை, வந்தால் என்ன சொல்வோம் என்று தெரிந்துகொண்டாள் போலும். லில்லியின் தாய் மகளுக்குச் சொல்லும் அறிவுரையைப் படித்தபோது, அன்று அத்திண்ணையில் அமர்ந்திருந்த எங்களில் ஒருவருக்குக்கூட அந்தத் தாயின் அறிவு இல்லையே என்று வெட்கினேன்.

நூல்களைத் திருப்பித் தந்தேன். "குப்பைதானா, மாமா?" என்றாள். இரண்டு ஆம், மூன்று பரவாயில்லை, இரண்டு வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். குளோயியின் தங்கை டேனியைப் பற்றிய நூல் 2020இல் வந்திருக்கிறதாம். அதனையும் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.