ஸிங்கின் கடல்

கடலைக் கண்ணில் காட்டாமலே ஒரு கடல் நாடகம் எழுதியிருக்கிறார் அயர்லாந்துக்காரரான ஜே. எம். ஸிங். 1904-ல் மேடையேறிய 'கடலுக்குப் போவோர்'தான் அது. ஓரங்கம், ஒரு குடிசையின் அடுப்பங்கரை, அவ்வளவுதான். மூழ்கிச் செத்தவன் தன் உடன்பிறந்தவனே என்று ஒரு பெண் அறிவது எதனால்? தான் பின்னிய காலுறையில் 60 கண்ணி போட்டு 4 நழுவவிட்ட கணக்கால்! கணவனையும் ஆறு பிள்ளைகளையும் அலைக்குக் கொடுத்த தாய், இனிக் கடல் தன்னை ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஓய்கிறாள்.

அந்த மேற்குக் கரையை நானும் பார்த்தேன். டிரைவரோடு அமர்த்திய காரில், ஒரே பகலில். மோஹர் பாறைகள் 214 மீட்டர் உயரம் என்றார் டிரைவர். நல்ல மனிதர், நிறுத்திய இடமெல்லாம் அழகு. அந்த அழகுதான் எனக்கு உறுத்திற்று. பிரயாணக் கட்டுரைகளில் வருகிற கடலும் இதுதான்: யாரையும் கொல்லாத கடல். ஸிங்கோ 1898 முதல் பல முறை எதிரேயுள்ள அரன் தீவுகளில் போய்த் தங்கி, கித்தான் படகில் ஏறியவர். காரிலிருந்து தீவுகள் மங்கலாகத் தெரிந்தன. டூலினில் படகு உண்டாம். அன்றைய ஏற்பாட்டில் அது இல்லை.