எப்படி நின்னுச்சு?

நல்ல மெக்கானிக்கை அறிய வேண்டுமானால், பானெட்டைத் திறப்பதற்கு முன் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். திருச்சி பொன்மலையில் ஜி கார்னரைச் சுற்றிய பட்டறைகளில் பழைய கைகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த கார் வழியில் நின்றுபோய், தள்ளிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் விட்டால் ஸ்பேனர் பக்கம் கையே போகாது. முதலில் ஒரு கேள்விதான் வரும்: "எப்படி நின்னுச்சு?"

வண்டி ஏன் கிளம்பவில்லை என்பதற்குக் காரணங்கள் ஏராளம். நின்ற விதத்தைக் கேட்டால் அவற்றில் பாதி அப்போதே உதிர்ந்துவிடும். சாவியை அணைத்ததுபோல் பட்டென்று நின்றிருந்தால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். விக்கி, இழுத்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கத் தளர்ந்து நின்றிருந்தால் பெட்ரோல் பக்கம். வெப்பமுள் சிவப்பில் ஏறிய பிறகு நின்றிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, எஞ்சின் ஆறும்வரை சாவியைத் தொடக்கூடாது. இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. புதிய கார்களில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் சட்டென்று செத்தாலும் வண்டி பட்டென்றுதான் நிற்கும். ஆனாலும் தேடலை எங்கே தொடங்குவது என்று இந்த ஒரு கேள்வி சொல்லிவிடுகிறது. எதையும் கழற்றாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் நடக்கும் இந்த முதல் சோதனைதான் இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பொன்மலைக்கு இந்தக் கலை பொருத்தமானது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் பிற்பகுதியில் இங்கே வந்தது. ஊரே அதைச் சுற்றி வளர்ந்தது. நீலகிரி மலைப்பாதைக்கு நிலக்கரியில் ஓடும் புதிய நீராவி எஞ்சினை 2021இல்கூட இங்கேதான் செய்தார்கள். ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. கணீரென்று ஒலித்தால் சக்கரம் நலம், மொத்தென்று ஒலித்தால் விரிசல். காதையும் ஒரு கருவியாக வைத்துப் பிழைத்த ஊரில், கார் பட்டறையிலும் அதற்கு மதிப்பு இருப்பதில் வியப்பில்லை.

அந்தக் காதின் வேலையைச் செல்ஃப் அடிக்கும்போது கேட்கலாம். "டக்" என்று ஒரே சத்தத்தோடு நின்று, ஹெட்லைட்டும் மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். லைட் பளிச்சென்று எரிய, செல்ஃப் மட்டும் அசையாமல் கிடந்தால் சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவில் எங்கோ கோளாறு. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சுற்றும் தாளத்தைக் கேட்க வேண்டும். நல்ல எஞ்சின் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது கொஞ்சம் திணறி, விட்டு, மறுபடி திணறிச் சுற்றும். அந்தத் திணறலே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக "விர்"ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இதைக் கேட்டதும் கை தானாகச் சாவியை அணைப்பவரிடம் என் வண்டியை நம்பி விடுவேன். பல எஞ்சின்களில் அதற்குமேல் சுற்றினால் வால்வு வளையும்.

அம்பாசடர் காலத்துக் கைகளுக்குக் கண்ணும் தேர்ந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரைக் கழற்றி, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்வார்கள். நீல நிறத்தில் "சட் சட்" என்று பாய்ந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, மெலிந்து விழுந்தால் கண்டென்சர் மேல் சந்தேகம். பாயிண்ட் என்னும் சுவிட்ச் திறக்கும் நொடியில் அங்கே பொறி பறக்காமல் தடுத்து, காயிலின் காந்தப்புலத்தைச் சட்டென்று சரிய வைப்பது அந்தச் சிறு கண்டென்சர்தான். அந்தச் சரிவில்தான் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. கண்டென்சர் செத்தால் பாயிண்ட் கருகும், பிளக்கில் நெருப்பு சோர்ந்துபோகும். பாயிண்டைப் பிரித்து அதன் கருகலைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்கள். கேஜ் கையில் இல்லாவிட்டாலும் பிளக்கின் இடைவெளியை ஆக்ஸா பிளேடை நுழைத்து வைப்பார்கள். சாதாரண பிளேடின் கனமும் அந்த எஞ்சின் கேட்கும் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான், அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. பிளேடைப் பட்டறைச் சுவரில் செருகி வைக்கும் பழக்கம் இன்னும் நிற்கவில்லை.

திருச்சியின் மே மாதம் தனி ஆசிரியர். ஓடி நின்ற வண்டி கிளம்ப மறுத்து, அரைமணி ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால், அது வெப்பத்தின் வேலை. பழைய வண்டியில், எஞ்சினோடு ஒட்டிய எரிபொருள் பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். ஈரத்துணியைச் சுற்றினால் வழி திறக்கும். அதே அறிகுறி சூட்டில் மட்டும் செத்துப்போகும் காயிலாலும் வரும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அப்படியொரு மதியம் உதவியாள் பையன், "அண்ணே, பம்ப் போயிருச்சு" என்றான். "பாக்காம சொல்லாதடா" என்ற மெக்கானிக், வண்டி சூடாக இருக்கும்போதே நெருப்பு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. காயில்தான். ஆறவிட்டுச் சோதித்திருந்தால் எல்லாமே சரியாகத்தான் தெரிந்திருக்கும். கோளாறு இருக்கும்போதே சோதிப்பது என்ற அந்த அவசரமும், அதற்கு முன் வாயைத் திறக்காத அந்த நிதானமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

இப்போது கார்புரேட்டர் இல்லை, பாயிண்ட் இல்லை. ஸ்கேனர் வந்துவிட்டது, அது வேண்டியதுதான். ஆனால் கம்ப்யூட்டர் தன் சென்சார்கள் கண்டதை மட்டுமே எழுதி வைக்கிறது; பம்ப் அழுத்தம் குறைந்திருப்பதைப் பல கார்கள் எரர் கோடாகக் காட்டுவதே இல்லை. அதனால் தேர்ந்தவர் ஸ்கேனரைச் செருகுவதற்கு முன் சாவியை மட்டும் ஆன் செய்து, பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா என்று குனிந்து கேட்கிறார். டேஷ்போர்டில் சாவிப்படம் மினுக்கினால் இம்மொபிலைசரைப் பார்க்கிறார். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசைகிறதா என்று கவனிக்கிறார். பல கார்களில் அது செத்துக் கிடந்தால் கிராங்க் சென்சார் முதல் சந்தேகம். பொருள் மாறியிருக்கிறது, கேட்கும் வரிசை மாறவில்லை. பார்ட்டை ஒவ்வொன்றாக மாற்றி, எதில் சரியாகிறது என்று பார்ப்பவரை நான் மெக்கானிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் உங்கள் காசில்தான் கற்றுக்கொள்கிறார்.

உங்கள் கார் வழியில் நின்றால் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகாதீர்கள். செல்ஃபும் பேட்டரியும் சேர்ந்து போகும். நிற்பதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை நினைவில் வையுங்கள்: திணறியதா, பட்டென்று நின்றதா, எந்த லைட் எரிந்தது, பெட்ரோல் வாசனை வந்ததா. அதை அப்படியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்காமலே ஸ்பேனரை எடுத்தால், வேறு பட்டறை பாருங்கள்.