துக்ளக்கின் நகையும் பேராக் மண்ணும்

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை உள்ளே மறைத்து மொழிவது பழிகரப்பு அங்கதம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று, புகழ்வது போல் ஒளவையார் இகழ்ந்த புறநானூற்றுப் பாடல் பின்னதற்குச் சான்றாக வகுப்பறைகளில் இன்றும் காட்டப்படுகிறது. ஆயின் அக்கலையை இருபதாம் நூற்றாண்டில் மேடையிலும் இதழிலும் விடாது பயின்ற சோ இராமசாமியைத் திறனாய்வுலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நகைச்சுவை நடிகர், அரசியல் விமரிசகர் என்னும் இரு சொற்களில் அவரை அடக்கிவிடுவது எளிதாக இருந்தது. அவர் பழமை பேணும் நோக்கினர் என்பதும் ஒரு காரணமாகலாம். முற்போக்கு நகைத்தால் இலக்கியம், பழமை நகைத்தால் வெறும் கேலி என்னும் எண்ணம் தமிழில் வேரூன்றிவிட்டது.

1968-இல் மேடையேறி, 1971-இல் திரைப்படமான ‘முகமது பின் துக்ளக்’ அவ்வெண்ணத்தை மறுக்கப் போதுமானது. பல நூற்றாண்டுக்கு முன் ஆண்ட தில்லி மன்னனே உயிருடன் வந்துவிட்டதாக ஓர் இளைஞன் நாட்டை நம்பவைக்கிறான். தோழன் ஒருவன் இபின் பதூதாவாகத் துணைநிற்கிறான். தேர்தலில் வென்று பிரதமராகும் துக்ளக், மொழிச் சிக்கலைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். ஆதரவு தர வந்தோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறான். இவை கைதட்டல் பெறும் இடங்கள். நாடகத்தின் வலிமையோ முடிவில் இருக்கிறது. மக்கள் விழித்தெழவே தொடங்கிய வேடத்தைக் கலைக்க வேண்டிய வேளையில், பதவியின் சுவை கண்டவன் மறுக்கிறான். உண்மையைச் சொல்ல முனையும் தோழன்மீதே கூட்டம் பாய்கிறது. ஏமாற்றியவனைச் சாடுவதோடு நில்லாமல் ஏமாற விரும்பியவனையும் கூண்டில் ஏற்றியது இந்நாடகம். அரசியல்வாதியைத் திட்டுவதற்குத் துணிவு சிறிது போதும். சீட்டு வாங்கி வந்து அமர்ந்திருப்பவனைத் திட்ட மிகுதியாக வேண்டும்.

1970 பொங்கலன்று தொடங்கிய ‘துக்ளக்’ இதழை 2016 டிசம்பரில் மறையும்வரை சோ நடத்தினார். மேடையில் முழங்கும் எந்த வாக்குறுதியையும் அவர் அதன் விலையைக் கேட்டுத்தான் நிறுத்தார். இதற்கு எவ்வளவு ஆகும், யார் தருவது, முன்னிருந்த எதை இழப்போம் என்பன அவர் வினாக்கள். 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது கறுப்பு அட்டையுடன் இதழ் வெளிவந்தது. எழுதத் தடையிருந்த இடத்தில் எழுதாமையே பழிகரப்பு அங்கதமாயிற்று.

இந்நகையைக் கடல்கடந்து பேராக் மாநிலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது ஒரு தடுமாற்றம் தோன்றுகிறது. தமிழகத்தில் 1967-க்குப் பின் செந்தமிழ் அடுக்குமொழி ஆள்வோரின் மொழி. ஆகவே அதனை எள்ளுதல் அதிகாரத்தை எள்ளுதலாகும். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழ் என்றும் ஆளவில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று குடியேற்ற ஆட்சியின் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகை. அங்கே பிழைத்து நின்ற மொழியின்மீது பற்றுக் கொள்வது புரட்சி முழக்கமன்று. இருப்பதைக் காத்துக்கொள்ளும் பழமை பேணலே. சென்னையில் சோ எள்ளிய ஒன்று ஈப்போவில் சோவின் கொள்கைப்படியே காக்கத்தக்கதாகிறது. இங்குள்ள வாசகன் துக்ளக்கைப் படித்துச் சிரிக்கும்போது, பாதிச் சிரிப்பில் தன்னையே இழக்கும் இடர் உண்டு. (அதற்காக இங்குள்ள மேடைகள் தப்பிவிட வேண்டுவதில்லை. தலைவர்க்குப் பொன்னாடை போர்த்தி அரைமணி நேரம் அடைமொழி அடுக்கும் வழக்கத்துக்குச் சோ ஈப்போவில் பிறந்திருந்தால் தனி அங்கமே ஒதுக்கியிருப்பார்.)

பேணுதல் என்னும் சொல்லுக்கே இம்மண்ணில் வேறு பொருள் உண்டு. தமிழகத்தில் அது உடையவனின் கொள்கையாகக் கருதப்பட்டது. இங்கே வெள்ளைய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுச் சென்ற காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் தந்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. உடைமை ஏதுமில்லாதவன் உடைமையைப் பேண முன்வந்த அச்செயலை எந்தக் கட்சியின் அகராதியில் சேர்ப்பது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

நாடகத்தில் மிகை என்று தோன்றியது பின்னர்ப் பேராக்கில் செய்தியாகவே வந்தது. 59 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 2008 தேர்தலில் மக்கள் கூட்டணி 31 இடங்களை வென்று ஆட்சியமைத்தது. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர் விலகினர், ஆட்சி கவிழ்ந்தது. மார்ச் 3-ஆம் நாள் சட்டமன்றக் கதவு அடைக்கப்பட்டிருக்க, அருகில் ஒரு மரத்தடியில் அவை கூடிற்று. மே 7-ஆம் நாள் அவைத்தலைவர் வே. சிவகுமார் இருக்கையோடு மண்டபத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். துணைப் பிரதமர் பதவிகளை வாரி வழங்கிய துக்ளக்கும் இருக்கையோடு அவைத்தலைவரை வெளியேற்றும் காட்சியைக் கற்பனை செய்யவில்லை.

இத்தகைய பொருள் கைக்கெட்டிய தொலைவில் கிடந்தும், செம்பொருள் அங்கதம் எழுதுவது இந்நாட்டு இதழ்களுக்கு எளிதன்று. 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012-இல்தான் அவ்விதி நீங்கிற்று. உரிமத்தை எண்ணி எழுதும் கை நேரே சுட்டாது. எனினும் ஒளவைக்கும் அரசவையில் உரிமம் எவரும் எழுதித் தரவில்லை; படைக்கலத்தின் மெருகைப் புகழ்ந்தே அவர் தம் கருத்தை நிலைநாட்டினார். மெருகைப் புகழும் வாய்ப்புப் பேராக்கில் குறைவன்று. 1985-இல் ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் ஓய்ந்தன; இரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. தொழிலாளர் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தனர். பள்ளியும் அவர்களைத் தொடர்ந்து இடம்மாறிற்று. பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. ஒரு மரமேனும் எஞ்சாத தோட்டத்தின் பெயரைத் தாங்கி, அடுக்குமாடிகளுக்கு நடுவே, ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று அது நின்றுகொண்டிருக்கிறது.