ஏற்காட்டில் நல்ல காபி எங்கே?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் விடாமல் எண்ணுகிறார்கள். சாலையோரம் நிற்கும் செடியைத்தான் பார்ப்பதில்லை. சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக்கொடிகளுக்குக் கீழே, பளபளக்கும் கரும்பச்சை இலையோடு நிற்பது காபி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்தச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர். அப்படிப்பட்ட ஊருக்கு வந்து, ஏரிக்கரையில் இயந்திரம் துப்பும் காபியைக் குடித்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

காபி விளையும் ஊர் என்பதற்காக எல்லாக் கடையிலும் நல்ல காபி கிடைத்துவிடாது. விளைந்த கொட்டையில் பெரும்பகுதி மலையிறங்கிப் பதப்படுத்தும் ஆலைகளுக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் வாங்குவது பெரும்பாலும் கீழிருந்து பொட்டலமாக ஏறிவரும் தூள்தான். ஆகவே தேடத்தான் வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் நடக்கவும் வேண்டும்.

விடிந்ததும் கிளம்பி சேர்வராயன் கோயில் பக்கமோ பகோடா பாயின்ட் பக்கமோ நடந்து போங்கள். வழிநெடுகத் தோட்டங்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து எட்டுப் பத்து நாள் கழித்துப் போனால், கிளை முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகையை நினைவூட்டும் வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த மழையைத் தோட்டக்காரர்கள் எப்படி எதிர்பார்ப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஆண்டு விளைச்சலே அதில்தான் இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்புக் காலம். வேலை செய்கிறவர்களிடம் கேட்டு ஒரு சிவந்த பழத்தை வாங்கிப் பிதுக்கினால், வழுவழுப்பான இனிப்புச் சதைக்குள் இரண்டு கொட்டைகள் முகம் பார்த்து ஒட்டியிருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக இருந்தால் அதுதான் பீபெரி. கடையில் அதற்குக் கூடுதல் விலை சொல்வார்கள். என் நாக்குக்கு அந்த விலைக்கான வித்தியாசம் தெரிந்ததில்லை.

தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட். பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தினால் செர்ரி. பார்ச்மென்டில் சுவை தெளிவாக, லேசான புளிப்போடு வரும். செர்ரியில் கனம் கூடும். களத்தில் காய்வதைப் பார்த்துவிட்டுக் குடிக்கிறவருக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

இப்போது கடை. மறுநாள் காலை ஆறிலிருந்து எட்டுக்குள், பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சின்ன ஓட்டல்களைப் பாருங்கள். பெயர்ப்பலகை முக்கியமில்லை, அடுப்பங்கரையை எட்டிப் பாருங்கள். பில்டர் இருக்கிறதா? 'டிகாஷன் எப்பண்ணே இறக்கினது?' என்று கேட்டால் தயங்காமல் பதில் வருகிறதா? தோட்டத் தொழிலாளர்களும் ஓட்டுநர்களும் நின்று குடிக்கிறார்களா? இந்த மூன்றும் இருந்தால் உட்காரலாம். பத்து மணிக்கு மேல் அதே கடையில் இரண்டாம் டிகாஷன் கலந்துவிடும் என்பதால் நேரம் தவறக்கூடாது. தோட்டத்துக்காரர்களே நடத்தும் புதிய காபிக் கடைகளும் உண்டு. அங்கே எந்தத் தோட்டத்துக் கொட்டை, என்று வறுத்தது என்ற இரண்டு கேள்விகள் போதும்.

முதலில் பாலில்லாமல் கேளுங்கள். வரக்காப்பி என்றால் புரியும். சர்க்கரை வேண்டாம், நான்கு மடக்குப் போதும். அராபிகா அதிகமென்றால் நாக்கின் ஓரங்களில் மெல்லிய புளிப்பு எழும். ரொபஸ்டா என்றால் கசப்பு நடுநாக்கில் கனமாக உட்காரும். சிக்கரி கூடினால் நிறம் கறுத்து, கருகிய வெல்லத்தின் இனிப்பு தொண்டைவரை தங்கும். சிக்கரியை நான் வெறுக்கவில்லை. பால் காபிக்கு அது ஒரு திடம் தருகிறது, ஆனால் கொட்டையின் மணத்தை மூடுமளவுக்குப் போகக்கூடாது.

பிறகு பால் காபி, சர்க்கரை பாதி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; குளிர்காற்றில் டம்ளரும் விரைவில் ஆறிவிடும். அதனால் இங்கே டபராவில் ஆற்றி விளையாட வேண்டாம், ஒருமுறை ஊற்றி எடுத்தால் போதும். கடைசி இரண்டு மடக்கை மட்டும் வெதுவெதுப்பாகும்வரை விட்டுவைத்துக் குடியுங்கள். சூட்டில் ஒளிந்திருந்த சுவை அப்போதுதான் வெளிவரும். நல்ல தூள் அந்த நிலையிலும் இனிக்கும். மோசமான தூள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்குத் தூள் வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கவும் வேண்டும். வறுத்த கொட்டையாகக் கிடைத்தால் அதையே வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.