பழைய வினாத்தாளும் புது வேர்டும்

ராசிபுரத்தில் ஒரு டி.டி.பி. கடை. இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரோரம் கட்டுக்கட்டாகக் காகிதம். கடைக்காரத் தம்பி என்னைக் கூப்பிட்டது ஒரு பழைய சி.டி.க்காக. 2004 முதல் 2009 வரை சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அவருடைய அப்பா அடித்துக் கொடுத்த பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ கணக்கு வினாத்தாள்கள் அதில் இருக்கின்றன. "ஃபைல் திறக்குதுங்ணா. எழுத்துதான் உடைஞ்சு வருது. சூத்திரத்தைத் தொடவே முடியல" என்றார். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தேடி ஊர் ஊராகப் பிள்ளைகள் வந்த காலம் அது. இரவு இரண்டு மணிவரை கண் விழித்து அடித்த தாள்கள். அவை வீணாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மனம் வரவில்லை. மூன்று நாள் கடையிலேயே உட்கார்ந்தேன்.

சோதித்தவை: எக்ஸ்.பி. கணினியில் வேர்ட் 2003, விண்டோஸ் 10 கணினியில் சந்தா கட்டிய புது வேர்ட், அதே கணினியில் இலவச லிப்ரே ஆபீஸ் ரைட்டர், கடைசியாக என் ஆண்ட்ராய்டு போன்.

முதலில் டாக், டாக்எக்ஸ் தகராறு. வேர்ட் 97 முதல் 2003 வரை ஒரே டாக் வடிவம்தான். 2007-இல் டாக்எக்ஸ் வந்தது. அதன் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்.எம்.எல். கோப்புகளும் படங்களும் தனித்தனியாக இருக்கும். பழைய டாக் கோப்பைப் புது வேர்ட் தயங்காமல் திறக்கிறது. மேலே 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று ஒரு வரி காட்டும், அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் பயப்படுவது இதற்கு. உண்மையில் இது சிறிய சிக்கல்.

பெரிய சிக்கல் எழுத்துரு. சி.டி.யில் இருப்பது எல்லாம் பாமினி. பாமினியில் அடித்த எழுத்தைக் கணினி ஆங்கில எழுத்தாகத்தான் வைத்திருக்கிறது. அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் போர்வை விலகி, ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். ஃபாண்டை நிறுவியதும் எல்லாப் பக்கமும் தமிழுக்குத் திரும்பியது. ஆனால் திருத்தத் தொடங்கியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் புது வேர்டில் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. பாமினியில் 'ம' சிறிய எழுத்தில் இருக்கிறது, அதன் பெரிய எழுத்தில் 'மு' இருக்கிறது. ஆகவே வாக்கியத்தின் தொடக்கத்தில் 'மனை' என்று அடித்தால் 'முனை' என்று விழுகிறது. 'தமிழ்' என்பது 'துமிழ்' ஆகிறது. வினாத்தாளில் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். கிரயப் பத்திரத்தில் 'மனை' என்பது 'முனை' ஆனால்? பழைய கணினியில் தம்பியின் அப்பா அந்த வசதியை என்றோ நிறுத்தி வைத்திருக்கிறார். புதுக் கணினி வாங்கும்போது அதை யாரும் நினைப்பதில்லை. பாமினியில் வேலை பார்ப்பவர்கள் வேர்டை நிறுவியவுடன் முதல் காரியமாக இதை நிறுத்த வேண்டும்.

யூனிகோடில் அடித்த கோப்புகளுக்கு இந்த ஆபத்து இல்லை. 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. அங்கும் ஒரு சிறு தொல்லை உண்டு. எக்ஸ்.பி. காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய லதா எழுத்துரு, விண்டோஸ் 10-இல் கூடவே வருவதில்லை. அதன் இடத்தில் நிர்மலா வந்து உட்கார, வரி உயரம் மாறி, நாலு பக்கத் தாள் ஐந்தாம் பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய்த் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் லதா திரும்பி வருகிறது, பக்கமும் பழைய இடத்துக்கு வருகிறது.

இனி சூத்திரம். இதற்காகத்தான் வந்தேன். அந்தக் காலத்து வேர்டில் பின்னமும் வர்க்கமூலமும் போட 'ஈக்வேஷன் எடிட்டர் 3.0' இருந்தது. டிசைன் சயன்ஸ் என்ற நிறுவனம் எழுதிய மேத்டைப் மென்பொருளின் சிறிய வடிவம் அது. 2017 நவம்பரில் அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே ஆபீஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் பழைய சூத்திரங்கள் படம்போலத் தெரியும், அச்சிடலாம். ஆனால் உள்ளே இருக்கும் 3-ஐ 5 ஆக்க வேண்டுமென்றால் அந்த எடிட்டர் இனி உதவாது. பாதுகாப்புக்காக எடுத்தது சரிதான். ஆனாலும் ஒரு தலைமுறை ஆசிரியர்களின் உழைப்பு அதோடு பூட்டப்பட்டதுபோல் ஆனது.

மேத்டைப் வாங்கினால் திருத்தலாம். வாங்காமலே வழி கிடைத்தது லிப்ரே ஆபீஸில். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் என்று உள்ளே போனால், மேத்டைப் சூத்திரங்களைத் தன்னுடைய 'மேத்' வடிவத்துக்கு மாற்றும் ஒரு தேர்வு இருக்கிறது. அது டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக் கோப்பைத் திறந்தேன். சூத்திரத்தின் மேல் இருமுறை சொடுக்கியதும் அது திறந்துகொண்டது. பதினைந்து ஆண்டுக்கு மேல் பழைய இருபடிச் சமன்பாட்டில் கெழுவை மாற்ற முடிந்தது. அந்தக் கோப்பை டாக்எக்ஸாகச் சேமித்துப் புது வேர்டில் திறந்தேன். அங்கும் அது உயிருள்ள சூத்திரமாகவே வந்தது. பின்னம், வர்க்கமூலம், தொகையீடு எல்லாம் சுத்தம். அணிகளில் மட்டும் நிரல்களுக்கு இடையே இடைவெளி குறைந்திருந்தது, கையால் சரிசெய்தோம். தம்பி அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். பழைய எக்ஸ்.பி. கணினியைப் போன வாரம் காயலான் கடைக்குப் போட இருந்தார்களாம்.

போனில் சோதனை சீக்கிரம் முடிந்தது. அங்கே பாமினியை நிறுவ எளிய வழியில்லாததால் கிறுக்கல்தான். வாட்ஸ்அப்பில் வினாத்தாளை அனுப்புபவர்கள் பி.டி.எஃப். ஆக அனுப்பட்டும்.

என் முடிவு இது. பழைய கோப்பை மீட்க லிப்ரே ஆபீஸ்தான், அதற்குக் காசும் இல்லை. பள்ளிகளோடு அன்றாடம் கொடுத்து வாங்குவதற்குப் புது வேர்ட், ஆனால் யூனிகோடில். பாமினியை யூனிகோடாக மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உதவுகின்றன. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்று நினைத்து மாற்றிவிடும் என்பதால், முழுத் தாளையும் ஒரே மூச்சில் கொட்டாமல் பத்தி பத்தியாகக் கொடுப்பது நல்லது. மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பத்தாம் வகுப்புத் தாள்கள் முடிந்தன. பிளஸ் டூ ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். தம்பி முதல் தாளின் அணிகளுக்கு இடைவெளி விட்டுக்கொண்டிருந்தார்.