முதல் மனைவிக்கு ஒரு நோட்டீஸ்

திருக்கரிப்பூர் ஊராட்சி ஓர் இரண்டாம் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது. கணவரும் இரண்டாம் மனைவியும் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதல் மனைவியை மனுவில் சேர்க்கவே இல்லை. 2025இல் நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் அதைத் தள்ளுபடி செய்தார். முஸ்லிம் தனியார் சட்டம் இன்னொரு நிக்காஹை அனுமதிக்கலாம். பதிவோ 2008ஆம் ஆண்டு அரசு விதிகளின் காரியம். எனவே முதல் மனைவிக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். திருமணம் செல்லாது என்று அவர் ஆட்சேபித்தால் பதிவாளர் பதிவை நிறுத்திவிட்டு, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும்.

கேட்பது நியாயம்தான். ஆனால் பதிவு நின்றாலும் நிக்காஹ் நிற்பதில்லை. ஆணுக்கு நஷ்டமில்லை, காகிதம் இல்லாமல் சொத்துக்கும் பென்ஷனுக்கும் அலைபவள் இரண்டாமவள். முதல் மனைவிக்கோ, ஆட்சேபித்த பிறகும் அதே வீடு, அதே வருமானம்.

திருவனந்தபுரம் ஒரு காலத்தில் இதைவிடத் துணிந்தது. நாஞ்சில் நாடு அதன் ஆட்சியில் இருந்தபோது, கவிமணி தம் ‘மருமக்கள்வழி மான்மிய’த்தைச் சொல்லவைத்தது ஒரு காரணவரின், அதாவது தாய்வழிக் குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவியை. நகைச்சுவைதான், ஆனால் அவள் அழுவது சக்களத்திகளால் மட்டுமல்ல, சொத்தெல்லாம் கணவருடைய சகோதரியின் மகனான மருமகனுக்குப் போவதாலும். அந்த ஆட்சி கொண்டுவந்த 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டம் பலதாரத்தைத் தடுத்ததோடு நிற்கவில்லை. மனைவி மக்களுக்குச் சொத்துரிமையும் தந்தது. மறு ஆண்டே நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் தனிச்சட்டம் வந்தது. வெளியிலிருந்து யாரும் திணிக்கவில்லை. அந்தந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே கோரிக்கை எழுந்தது.

இன்றைய கேரள அரசின் நிலை விசித்திரமானது. தன் ஊழியர் எந்த மதத்தவரானாலும், அனுமதியின்றி இன்னொரு மணம் செய்யக் கூடாது என்கிறது நடத்தை விதி. தலைமைச் செயலக குமாஸ்தாவுக்குப் பொருந்தும் நீதி மீன் வியாபாரிக்குப் பொருந்தாதா? 2023இல் பொது சிவில் சட்டத்தை எதிர்த்துக் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதைக் குறைசொல்ல மாட்டேன். உத்தராகண்ட் தன் சட்டத்தில் பழங்குடியினருக்கு விலக்கு அளித்த பிறகு ‘பொது’ என்ற சொல்லே சற்றுக் கூசுகிறது. ஆனால் எதிர்த்தவர்கள் மாற்று எதையும் வைக்கவில்லை.

ஆகவே, தீர்ப்பு சரி, கொள்கை அரைகுறை என்பேன். திருமணம் பொதுப்பட்டியலில் உள்ளது. சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸ் நிக்காஹுக்கு முன்பே போக வேண்டும், பதிவின்போது அல்ல. அதோடு முதல் குடும்பத்தின் வீடும் ஜீவனாம்சமும் எழுத்தில் உறுதியாக வேண்டும்.